பெஞ்சில் நிற்கும் ராஜா

ஹெப்பகோடி
7-9-1998

அன்புள்ள பியாட்ரிஸ் டீச்சருக்கு, அனந்தலக்ஷ்மி எழுதிக்கொண்டது.

வீடு மாறி மூன்று மாதமாகிறது. பிள்ளை அஷ்வத்துக்கு ஆபீஸ் பக்கத்தில், எனக்கு மற்றதெல்லாம் தூரத்தில். எங்கள் தெருவுக்கு ஃபோன் கம்பம் வந்துவிட்டது, கம்பிதான் வரவில்லை. அதனால் பேச வேண்டியதை எல்லாம் எழுதத்தான் வேண்டும். என் எழுத்துப் பிழைகளைத் திருத்துகிற சந்தோஷமாவது உங்களுக்குக் கிடைக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஜனவரியில் நம் தெருச் சங்கத்தின் பொதுக்குழுவில் நீங்கள் எழுந்து, "சுண்டல் சாப்பிட வர்றவங்க ஒரு பெஞ்ச் நகர்த்தினதில்ல, கேக் சாப்பிட வர்றவங்க ஒரு நட்சத்திரம் கட்டினதில்ல. இந்த வருஷம் ஒருத்தர் பண்டிகைய இன்னொருத்தர் நடத்தட்டும், அப்பதான் தெரியும்" என்று ஒரு போடு போட்டீர்களே, முதலில் கை தட்டியவள் நான். கொலுவை நீங்களும் கிறிஸ்துமஸ் குடிலை நானும் வைப்பது என்று முடிவானபோதும் தட்டினேன். எதிர்வீட்டு ஜன்னலில் நின்று உங்களை அதிகாரம் பண்ணலாம் என்ற நினைப்பில் தட்டிய கை அது. இப்படி ஊர்க்கோடிக்கு வந்து சேருவேன் என்று யார் கண்டது?

ஸ்வர்ணாவுக்கு ஆறாம் மாதம். மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் அம்மா இருப்பது டெல்லியில். மருமகளை விட்டுவிட்டு நவராத்திரிக்கு நான் அங்கே வருவதற்கில்லை. ஆகவே சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். பொம்மைகள் எல்லாம் ஹாலில் இரும்பு பீரோவில் இருக்கின்றன. கமிட்டி உட்காரும் பெஞ்சுகளையே படியாக அடுக்கி, வெள்ளை வேட்டி விரியுங்கள். படி ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். மரப்பாச்சி ராஜா ராணியை முதலில் வைத்துவிட்டுத்தான் மற்றவை. கலசம், ஆரத்தி எல்லாம் கடைசி வீட்டு சீதாலட்சுமி பார்த்துக்கொள்வாள். நீங்கள் வைத்தாலும் பண்டிகை என் பேரில்தான். 'விழா முடிந்து ஹால் ஒப்படைக்கப்படும் வரை உரிய உறுப்பினரே பொறுப்பு' என்று செயலாளர் கிளாரன்ஸ் தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்தாரே! ஏதாவது உடைந்தால் எனக்குத்தான் நோட்டீஸ் வரும். பார்த்து.

கிளாரன்ஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. 'தங்கள் புதிய முகவரியைத் தெரிவிக்கவும்' என்று அவரிடமிருந்து கார்டு வந்திருக்கிறது. முகவரி தெரியாமல் கார்டு எப்படி வந்தது என்று கேட்டு எழுதலாமா? தெருவில் குடியிருப்பவர்தான் உறுப்பினர் என்று பைலாவில் இருப்பது எனக்குத் தெரியும். கல்யாணமாகி நான் வந்து இறங்கியது அந்தத் தெருவில். என் வீட்டுக்காரர் போனபோது எனக்குச் சோறு போட்டதும் அந்தத் தெரு. என் பேரை அடித்துவிட்டால் நான் வெறும் ஹெப்பகோடிக்காரி ஆகிவிடுவேன், டீச்சர்.

இப்படிக்கு,
அனந்தலக்ஷ்மி

காக்ஸ் டவுன்
22-9-1998

அன்பு மாமிக்கு,

உங்கள் கடிதத்தில் பிழைகள் அதிகமில்லை. கையெழுத்துதான் ஓடுகிற பஸ்ஸில் எழுதியது போல இருக்கிறது.

கொலு வைத்தாகிவிட்டது. அதற்கு முன் ஃபாதரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டேன். "பொம்மை அடுக்கறதுல என்னம்மா தப்பு? சுண்டல் வந்தா இங்கயும் கொஞ்சம் அனுப்புங்க" என்றார். அதனால் மனசாட்சிப்படி எந்தத் தடையும் இல்லை.

எந்தப் பொம்மை எந்தப் படியில் என்று நீங்கள் எழுதவில்லை. பள்ளிக்கூடத்தில் இத்தனை வருடம் அசெம்பிளி நிறுத்தியவளுக்கு அது ஒரு பெரிய விஷயமா? உயரப்படி நிறுத்திவிட்டேன். உயரமானவர்கள் மேலே, குள்ளமானவர்கள் கீழே. யாரும் யாரையும் மறைக்கவில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் பெயர் எழுதிய அட்டை. என் வீட்டுக்காரர் டொமினிக் சீரியல் லைட் போட்டிருக்கிறார். முழங்கால் வலி என்பவர் ஏணியில் ஏறி இறங்குவதைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

முதல் நாளே ஹால் நிறைந்துவிட்டது. சீதாலட்சுமி மட்டும் வாயில் கை வைத்தபடி கொலுவை மேலும் கீழுமாக மூன்று தடவை பார்த்தாள். ரொம்பப் பிடித்துவிட்டது போலிருக்கிறது.

முகவரி விஷயமாக நீங்கள் கவலைப்பட வேண்டாம். நான் கமிட்டியில் இருக்கிறேன்.

அன்புடன்,
பியாட்ரிஸ்

ஹெப்பகோடி
26-9-1998

டீச்சர்,

கார்டில் இடமில்லை, ஆகவே சுருக்கமாக. சீதாலட்சுமி எல்லாம் எழுதிவிட்டாள். மேல்படியில் போலீஸ்காரரும் பாம்பாட்டியும் செட்டியாரும் நிற்கிறார்களாம். பிள்ளையார் கீழ்ப்படியில் கோழிக்குஞ்சு பக்கத்தில் இருக்கிறாராம், 'திரு. கணபதி' என்ற அட்டையோடு! மேலே தெய்வங்கள், நடுவில் மனுஷாள், கீழே பிராணிகள் என்று எழுதாமல் விட்டது என் தப்புதான். எங்கள் வீட்டுத் தெய்வங்களெல்லாம் குள்ளம் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? படித்துவிட்டு நானும் ஸ்வர்ணாவும் சிரித்த சிரிப்பில் அவள் வயிற்றுக்குள் இருப்பது உதைத்ததாம். அப்படியே இருக்கட்டும், மாற்றாதீர்கள். பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அ.ல.

காக்ஸ் டவுன்
5-10-1998

அன்பு மாமிக்கு,

உங்கள் பண்டிகை நல்லபடியாக முடிந்தது. எல்லாப் பொம்மைகளும் துணி சுற்றி பீரோவுக்குள் போய்விட்டன. ஒன்றுகூட உடையவில்லை, கை கால் போகவில்லை. கடைசியில் வந்த ஒரு சின்னத் தொந்தரவையும் நாங்களே சமாளித்துவிட்டோம். அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

விஜயதசமியன்று மாதா கோவிலில் ஜெபமாலை முடிந்து, ஹாலைப் பூட்டப் போனேன். உங்கள் மரப்பாச்சி ராஜா மல்லாந்து கிடந்தார். பாவம் என்று எடுத்து நிறுத்தினேன். மறுநாள் போனால் மறுபடியும் கிடக்கிறார். நிறுத்தினேன். அதற்கு மறுநாளும் அதே கதை. டொமினிக்கைக் கூட்டிப் போய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவருக்குக் கால் மட்டம் சரியில்ல பியாட்ரிஸ், அதான் விழுந்துனே கீறாரு. ஒட்டி உட்டா ஆச்சு, சும்னே ஏன் யோசனை?" என்றார். ஃபேக்டரியில் இருந்த காலத்திலிருந்து அவர் நம்பும் இரட்டை டியூப் பசையைக் கலக்கி, வேட்டியை விலக்கி, ராஜாவை நிற்கிற பெஞ்சோடு சேர்த்து ஒட்டிவிட்டார். அதன்பின் விழவே இல்லை.

ஆனால் அடுத்த நாள் ராணி விழுந்து கிடந்தாள். இனி இவளுக்கு வேறு பசை கலக்க வேண்டுமா என்று அலுத்துப்போய், அவளைக் கிடந்தபடியே துணி சுற்றி வைத்து, எல்லாவற்றையும் கட்டிவிட்டேன். ராஜாவை மட்டும் பெஞ்சிலிருந்து எடுக்க முடியவில்லை. பின்னால் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் டொமினிக்.

அடுத்த வருடத்துக்கு ராஜாவின் காலை யாரிடமாவது கொடுத்து சரிபாருங்கள்.

அன்புடன்,
பியாட்ரிஸ்

ஹெப்பகோடி
9-10-1998

டீச்சருக்கு,

ராஜா விழவில்லை. அவரைப் படுக்க வைத்தார்கள்!

விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையையாவது படுக்க வைத்துத் தூங்கப் பண்ணினால்தான் கொலு முடிந்ததாக அர்த்தம். சீதாலட்சுமி விளக்கு வைத்துவிட்டுப் படுக்க வைத்துவிட்டுப் போகிறாள், நீங்கள் வந்து எழுப்பி நிறுத்துகிறீர்கள். நேற்று வந்த கடிதத்தில், "மாமி, நான் தெனம் படுக்க வெக்கறேன், கார்த்தால வந்தா ராஜா நிக்கறார்" என்று எழுதியிருக்கிறாள். அவளுக்கு அதற்குப் பிறகு ஜுரமே வந்துவிட்டதாம்.

அது போகட்டும். என் பண்டிகை முடியாமல் ராஜா பசை போட்டு நிற்கிறாரே, இதை நான் யாரிடம் சொல்வேன்? வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள். தெரியாவிட்டால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் எல்லாவற்றையும் திருத்துகிற வழக்கம் பள்ளிக்கூடத்தோடு போகவில்லை உங்களுக்கு.

அனந்தலக்ஷ்மி

காக்ஸ் டவுன்
15-10-1998

திருமதி அனந்தலக்ஷ்மி ஷங்கர் அவர்களுக்கு,

தங்கள் 9ஆம் தேதியிட்ட கடிதம் கிடைத்தது. தங்கள் 7-9-98 கடிதத்தை மறுபடி இரண்டு தடவை படித்தேன். பொம்மையைப் படுக்க வைப்பது பற்றி அதில் ஒரு வரி கிடையாது. எழுதாத பாடத்தில் பரீட்சை வைத்துவிட்டு, ஃபெயில் என்று சொல்வது நியாயமில்லை.

விழுந்து கிடப்பவரைப் பார்த்தால் தூக்கி நிறுத்துவதுதான் எனக்குத் தெரிந்த மரியாதை.

ராஜாவைப் பெயர்க்க டொமினிக் முயன்றார். கூர்மையான எதையும் வைத்து நெம்பினால் பொம்மை பிளந்துவிடும் என்று விட்டுவிட்டோம்.

தங்கள் தகவலுக்கு: தெருவில் குடியிருக்காதவர்களின் பெயர்களை நீக்குவது வருகிற ஜனவரி பொதுக்குழுவில் வைக்கப்படும் என்று செயலாளர் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார். இப்போதைக்கு ஒரே ஒரு பெயர்தான் அதில் இருக்கிறது.

பியாட்ரிஸ் டொமினிக்

ஹெப்பகோடி
16-11-1998

பியாட்ரிஸ் டீச்சருக்கு,

ஒரு மாதம் எழுதவில்லை. எழுத எடுத்த இன்லண்டுகள் மூன்று வீணாயின.

தீர்மானப்படி குடிலை நான் வைக்க வேண்டும். பேரை நீக்கப்போகிறார்கள் என்பதற்காக ஒப்புக்கொண்ட வேலையை விடுகிறவள் நான் இல்லை. என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். ஒன்று விடாமல் எழுதுங்கள். அஷ்வத் ஒரு நாள் காரில் கொண்டுவந்து விடுவான்.

தீபாவளிக்கு உங்கள் வீட்டுக்குக் கொடுத்து அனுப்புகிற மைசூர்பாகை இந்த வருடம் அனுப்ப வழியில்லை. செய்தேன். கட்டியாகிவிட்டது. டொமினிக் சார் இருந்திருந்தால் அதையும் எதிலாவது ஒட்டியிருப்பார்.

அனந்தலக்ஷ்மி

காக்ஸ் டவுன்
21-11-1998

திருமதி அனந்தலக்ஷ்மி அவர்களுக்கு,

குடில் வைக்கும் முறை. பத்து நாள் முன்னதாகத் தட்டில் மண் போட்டு ராகி விதைத்து முளைக்க விட வேண்டும். குடிலுக்கு அதுதான் புல்தரை. சுருபங்கள், அதாவது குடில் பொம்மைகள், ஹாலில் மரப்பெட்டிக்குள் இருக்கின்றன. மாதாவும் சூசையப்பரும் தொட்டிலுக்கு இரு பக்கம். மாடு, கழுதை பின்னால். இடையர்கள் இடது பக்கம். மூன்று ராஜாக்கள் தூரத்திலிருந்து வருகிறவர்கள், அதனால் கொஞ்சம் தள்ளி. வைக்கோல் டொமினிக் வாங்கி வைப்பார். உயரப்படி நிறுத்த வேண்டியதில்லை.

டிசம்பர் மத்தியில் கே.ஜி.எஃப்பில் என் தங்கை வீட்டுக்குப் போகிறேன். தாங்கள் வரும் நாளில் நான் இருக்கமாட்டேன். சாவி சீதாலட்சுமியிடம் இருக்கும். அவருக்கு ஜுரம் குணமாகிவிட்டது.

ஸ்வர்ணா எப்படி இருக்கிறாள் என்று தாங்கள் எழுதவில்லை.

பியாட்ரிஸ் டொமினிக்

ஹெப்பகோடி
18-12-1998

டீச்சருக்கு,

ஸ்வர்ணா நன்றாக இருக்கிறாள். கால் மட்டும் வீங்கியிருக்கிறது. தினமும் உங்கள் பேச்சுதான். "டீச்சரோட சண்டைய எப்போ முடிக்கப் போறேள் அம்மா?" என்று கேட்டு உயிரை எடுக்கிறாள்.

நேற்று குடில் வைத்துவிட்டு வந்தேன். நீங்கள் திரும்பி வந்து பார்த்து மயங்கி விழாமல் இருக்க இரண்டு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, புல். நீங்கள் ராகி என்று எழுதினீர்கள். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பாலிகை தெளித்தால் நவதானியமும் போடுவோம். உங்கள் சாமிக்கு ஒரே தானியமா, குறை வைப்பானேன் என்று நானும் இங்கே வீட்டிலேயே தட்டில் ஒன்பதையும் போட்டு வளர்த்துக் காரில் கொண்டுவந்தேன். அதில் அவரை பத்து நாளில் இப்படி வளரும் என்று நினைக்கவில்லை. ஒரு கொடி கொட்டகைக் கூரைமேல் ஏறிவிட்டது. இடையர்களில் இரண்டு பேரைக் காணவில்லை. உள்ளேதான் இருக்கிறார்கள், பயப்பட வேண்டாம். ராஜா ஒட்டிய பெஞ்சை நான் ஒருத்தியாக நகர்த்த முடியாததால் குடிலை அதன் மேலேயே வைத்தேன். உங்கள் மூன்று ராஜாக்களோடு எங்கள் ராஜாவும் நிற்கிறார்.

இன்னொன்று சொல்லத்தான் தயக்கமாக இருக்கிறது. தொட்டில் காலியாக இருந்தது. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன், வைக்கோலை உதறினேன், பிள்ளையைக் காணோம். ஒன்று விடாமல் எழுதச் சொன்னேன், பிள்ளையைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. என் மேலிருக்கும் கோபத்தில் எடுத்து வைத்துக்கொண்டீர்களோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்த நினைப்பே எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் காலித் தொட்டிலை வைத்துவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை, டீச்சர். காலித் தொட்டிலை ஆட்டக்கூட மாட்டோம் நாங்கள். அதிலும் வீட்டில் ஒருத்தி நிறைமாதமாக இருக்கும்போது! பீரோவைத் திறந்து, என் கொலுப்பொம்மைகளில் ஆலிலைமேல் படுத்துக் கட்டைவிரல் சூப்புகிற கிருஷ்ணனை எடுத்தேன். அளவு சரியாக இருந்தது. கழுத்துவரை போர்த்திவிட்டேன். முகத்தின் நீலம் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. தப்பென்றால் எடுத்துவிடுங்கள். ஆனால் எடுத்த கையோடு வேறு யாரையாவது அதில் படுக்க வையுங்கள்.

ஒட்டிவிடாதீர்கள்.

அனந்தலக்ஷ்மி

காக்ஸ் டவுன்
26-12-1998

அன்பு மாமிக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கள். இந்தக் கடிதத்தைச் சிரிக்காமல் எழுத முயல்கிறேன்.

இருபதாம் தேதி கே.ஜி.எஃப்பிலிருந்து வந்து நேராக ஹாலுக்குப் போனால், அங்கே எனக்கு முன்னால் ஃபாதர் நிற்கிறார், குடிலை மந்திரிக்க வந்தவர். அவரைக்கொடியைத் தள்ளிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "நாலு ராஜாவா? ஒருத்தர் கூடவே வந்துட்டாரோ?" என்றார். அப்புறம் தொட்டில் பக்கம் குனிந்தார். போர்வையைக் கொஞ்சம் விலக்கினார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அவர் போர்வையை மறுபடி கழுத்துவரை இழுத்துவிட்டு, "பனிக்காலம், குழந்தைக்குக் குளிரும்" என்றார். அவ்வளவுதான். தீர்த்தம் தெளித்துவிட்டுப் போய்விட்டார்.

மாமி, பிள்ளை தொலையவில்லை. நான் ஒளித்து வைக்கவுமில்லை. இருபத்துநான்காம் தேதி ராத்திரிப் பூசை நேரத்தில்தான் குழந்தை இயேசுவைத் தொட்டிலில் வைப்போம். அதுவரை காலியாக இருப்பதுதான் முறை. குழந்தை என் வீட்டு அலமாரியில் இருந்தது. இது எனக்கு மூச்சு விடுவது மாதிரி பழகிப்போனதால் எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை. எழுதாத பாடத்தில் பரீட்சை வைத்துவிட்டேன். உங்களுக்கு நான் எழுதிய அதே வரியை எனக்கே இப்போது எழுதிக்கொள்கிறேன். பொம்மையைப் படுக்க வைப்பது உங்களுக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்?

நீங்கள் என் பேரில் சந்தேகப்பட்டதாக எழுதியதைப் படித்து ஒரு நிமிஷம் கோபம் வந்தது. அடுத்த வரியைப் படித்ததும் அழுகை வந்தது.

இருபத்துநான்காம் தேதி எங்கள் குழந்தையைத் தொட்டிலில் வைத்தேன். உங்கள் கிருஷ்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்து, அலமாரியில் எங்கள் குழந்தை படுத்திருந்த அதே பட்டுத்துணியில் படுக்க வைத்திருக்கிறேன். அந்த இடமும் காலியாக வேண்டாம் என்று தோன்றியது.

சீதாலட்சுமியிடம் முட்டை போடாத ரோஸ் குக்கீஸும் குல்குல்லும் கொடுத்திருக்கிறேன். அவள் தம்பி எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் வரும்போது கொடுப்பான். ஸ்வர்ணாவுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.

உங்கள்,
பியாட்ரிஸ்

ஹெப்பகோடி
2-1-1999

அன்புள்ள டீச்சர்,

பெண் குழந்தை! இருபத்தெட்டாம் தேதி காலையில் பிறந்தது. தாயும் சேயும் சுகம். பிறந்த நிமிஷத்திலிருந்து கட்டைவிரல் சூப்புகிறது. யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்று எனக்குத் தெரியும். தெருவில் எல்லாருக்கும் என் பேரில் சர்க்கரை கொடுங்கள், கிளாரன்ஸுக்கும் சேர்த்து. குல்குல் டப்பா காலி. அஷ்வத் தின்றான், நான் தின்றேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பத்தாம் தேதி பொதுக்குழு என்று நோட்டீஸ் வந்தது. பச்சைக்குழந்தையை விட்டுவிட்டு நான் எப்படி வருவேன்? உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எனக்காக நீங்கள் கிளாரன்ஸோடு சண்டைக்குப் போக வேண்டாம். அவர் செய்வது சட்டப்படி சரி. நான் அங்கே இல்லை, இனி வரப்போவதும் இல்லை. அடிக்கிற பேரை அடித்துக்கொள்ளட்டும். நீங்கள் மட்டும் கை தூக்காதீர்கள், அது போதும்.

இதை எழுதிவிட்டு இரண்டு தடவை மூக்கைச் சிந்தினேன். ஜலதோஷம்.

அனந்தலக்ஷ்மி

காக்ஸ் டவுன்
11-1-1999

அன்பு மாமிக்கு,

உங்கள் பேத்திக்கு என் ஆசீர்வாதம். நீங்கள் சொன்னபடி நான் கிளாரன்ஸோடு சண்டை போடவில்லை. அவர்தான் பெஞ்சோடு சண்டை போட்டார். நடந்ததைச் சொல்கிறேன்.

கூட்டத்துக்கு எப்போதும்போல கமிட்டி பெஞ்சுகளை முன்னால் போட்டார்கள். வழக்கமாக நீங்கள் உட்காரும் ஓரத்தில் ராஜா நின்றார். மூலைவீட்டு முத்தம்மா மறுமுனையில் உட்கார்ந்தாள். கிளாரன்ஸ் உங்கள் பேரைப் படித்து, "இவங்க இப்ப ரெசிடெண்ட் இல்ல. ரூல்ஸ் ரூல்ஸ்தான், எனக்கு பர்சனலா ஒண்ணுமில்ல" என்றார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

நான் எழுந்தேன். "சார், போன வருஷத்துத் தீர்மானத்துல நீங்க சேர்த்த வரிய ஒரு தடவ படிங்க" என்றேன். படித்தார். 'விழா முடிந்து ஹால் ஒப்படைக்கப்படும் வரை உரிய உறுப்பினரே பொறுப்பு.'

"பொறுப்புல இருக்கற உறுப்பினர நீக்க முடியுமா?"

"அது முடியாது. ஆனா கொலுதான் அக்டோபர்லயே முடிஞ்சிபோச்சே மேடம்?"

"ராஜா படுக்காம கொலு எங்க சார் முடியும்? இதோ நிக்கறாரே!"

சீதாலட்சுமி அதற்கு அதிகாரபூர்வமாகத் தலையாட்டினாள். ஹாலே திரும்பி ராஜாவைப் பார்த்தது. கிளாரன்ஸ் விடுவாரா? "அவ்ளோதானே, படுக்க வெச்சிட்டா போச்சு" என்று எழுந்து வந்து ராஜாவின் இடுப்பைப் பிடித்து இழுத்தார். ராஜா வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். பெஞ்சின் அந்த முனை எழும்பியது. இந்த முனையில் இருந்த முத்தம்மா, "அய்யோ தேவரே! பிடிரி, பிடிரி!" என்று, விட்டுவிடச் சொல்லிக் கன்னடத்தில் அலறினாள்.

டொமினிக் நிதானமாக, "நான் ஒட்டினா ஒட்டினதுதான் சார். பெஞ்ச அறுத்தாதான் வருவாரு" என்றார். கிளாரன்ஸ் யோசித்தார். பெஞ்சு சங்கத்தின் சொத்து. சங்கத்தின் சொத்தை அறுக்க பைலாவில் இடமில்லை. பைலாவை எழுதியவர் அவர்.

அவர் தானாகவே சிரித்துவிட்டார், மாமி. மனுஷர் கெட்டவரில்லை. 'திருமதி அனந்தலக்ஷ்மியின் கொலு முடிவடையும் வரை அவர் உறுப்பினராகத் தொடர்வார்' என்று அவர் கையாலேயே எழுதி நிறைவேற்றினார். இந்தத் தடவை முதலில் கை தட்டியவள் நான்.

அன்புடன்,
பியாட்ரிஸ்

ஹெப்பகோடி
16-1-1999

என் அருமை டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை ஸ்வர்ணாவுக்கு உரக்கப் படித்தேன். முத்தம்மா அலறிய இடத்தில் குழந்தை விழித்துக்கொண்டது. மறுபடி தூங்க வைக்க ஒரு மணி நேரம் ஆனது. அப்போதும் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். சிரிப்பு நின்றதும் வேறொன்று வந்தது. முகவரி மாறினவளுக்காக இப்படி யார் எழுந்து நிற்பார்கள்?

ஆனால் உங்களிடம் ஒரு உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொலு முடிய ராஜாதான் படுக்க வேண்டும் என்பதில்லை. ஏதாவது ஒரு பொம்மை படுத்தால் போதும். ராஜா ஒட்டிக்கொண்டதைப் பார்த்துவிட்டு சீதாலட்சுமி ராணியைப் படுக்க வைத்தாள். அவளைத்தான் நீங்கள் கிடந்தபடியே துணி சுற்றி வைத்தீர்கள். கொலு அக்டோபரிலேயே முடிந்துவிட்டது, டீச்சர். அது கோபத்தில் உங்களுக்கு எழுதும்போதே எனக்குத் தெரியும். கோபம் வந்தவளுக்கு ராணி எங்கே கண்ணில் படுவாள்?

சட்டப்படி கிளாரன்ஸ் பக்கம்தான் நியாயம். இப்போது என்ன செய்வது? அவரிடம் சொல்லிவிடுவதா? நீங்கள் பொய் சொன்னதாக ஆகிவிடுமே என்று பயமாக இருக்கிறது. நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் கூட்டிக்கொண்டு வருகிறேன். முதலில் உங்கள் வீட்டுக்குத்தான். என் கிருஷ்ணனை வாங்க வேண்டும்.

உங்கள்,
அனந்தலக்ஷ்மி

காக்ஸ் டவுன்
20-1-1999

அன்பு மாமிக்கு,

ராணி விஷயம் எனக்குத் தெரியும். உங்கள் சண்டைக் கடிதம் வந்த அன்றே, ஜுரத்தில் படுத்திருந்த சீதாலட்சுமியைப் பார்க்கப் போனேன். அவள் எல்லாம் சொல்லிவிட்டாள். கூட்டத்தில் நான் கேள்வி மட்டும்தான் கேட்டேன், மாமி. "ராஜா படுக்காம கொலு எங்க சார் முடியும்?" என்பது கேள்விதானே? பதில் தெரிந்தவர்கள் சொல்லியிருக்கலாம். இருந்தாலும் சனிக்கிழமை ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். அவர் சிரித்ததில், பாவத்துக்குப் பரிகாரமாகச் சொல்ல வேண்டிய கட்டளை ஜெபம் கொடுக்கவே மறந்துவிட்டார். ஆகவே கிளாரன்ஸிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

நீங்கள் ஒன்றைச் சொன்னதால் நானும் ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் அவரைக்கொடிக்கு டொமினிக் தினமும் தண்ணீர் ஊற்றினார் அல்லவா? அது பெஞ்சு முழுக்க ஊறியிருக்கிறது. மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்து குடிலைக் கலைத்தபோது, உங்கள் ராஜா பெஞ்சிலிருந்து தானாகவே கழன்று என் கையில் வந்துவிட்டார். முழுசாக, ஒரு கீறல்கூட இல்லாமல். பொதுக்குழுவுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

முதல் தடவை ஒட்டியபோது எங்களுக்கு விவரம் தெரியாது. இரண்டாவது தடவை பெஞ்சை வெயிலில் காய வைத்து, இரண்டு டியூபையும் நானே கலக்கி, டொமினிக்கிடம் கொடுத்தேன். "இப்ப எதுக்கும்மா ஒட்டணும்? அதான் வந்துட்டாரே" என்றார். "அது மாமி உக்கார்ற எடம், நல்லா அழுத்தி ஒட்டுங்க" என்றேன்.

குழந்தையோடு வாருங்கள். ராஜா நின்றுகொண்டிருப்பார்.

உங்கள்,
பியாட்ரிஸ்